ரீங்காரத்தின் பூர்வோத்தரம்

எங்கள் வீட்டுக் கூடத்து ரிசீவர், சங்கீதம் ஏதும் இல்லாத வேளையிலும் வாளாவிருக்க மனமின்றி, நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைப் போல ஓயாமல் ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டிருக்கத் தொடங்கியபோது, வியாதி ஒன்றேயாயினும் வைத்தியர்கள் அநேகராய் வந்து சேர்ந்தார்கள்.

“எர்த் பின்னை ஒடித்துவிடுங்கள் அத்தான், சத்தம் அடங்கிவிடும்” என்றார் மைத்துனர். சத்தத்தோடு நானும் அடங்கிவிடக் கூடும் என்பதை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பழுது பார்க்க வந்தவரோ, மூடியைக் கழற்றி, உள்ளே கொழுத்து நின்ற இரண்டு பில்டர் கண்டன்சர்களைத் துக்கம் விசாரிப்பவர் போல நோக்கி, “ரெண்டும் போயிடுச்சு சார்” என்று தீர்ப்பளித்தார். கண்டன்சர் உலர்ந்துபோனால் ரீங்காரம் எழும் என்பது வாஸ்தவமே. ஆனால் அவ்வகை ரீங்காரம் பெரும்பாலும் வால்யூமைத் திருகினாலும் கூடாது, குறையாது. எங்களுடையதோ குமிழ் ஏற ஏறத் தானும் ஏறிற்று. ஆகவே கண்டன்சர்கள் நிரபராதிகள் என்று நான் வாதாடி அவரை அனுப்பிவைத்தேன்.

சபாக்களில் ஆயுளைக் கழித்த என் மாமனார் மட்டும் கண்ணை மூடிச் சற்றுநேரம் கேட்டுவிட்டு, “ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் ஏறலாக இருக்கிறதே, மாப்பிள்ளை” என்றார். வைத்தியம் தெரியாத அவரே நாடியைச் சரியாகப் பிடித்தவர்: நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது, ஐந்து கட்டை ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயிகளில் ஒன்று 49-ல் நிற்கிறது. குற்றவாளி மின்சாரமே, அது எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது என்பதுதான் மிச்சம்.

ரேடியோவுக்குத் திருப்பினேன், நிசப்தம். டெலிவிஷனுக்குத் திருப்பினேன், ஐந்து கட்டை. டெலிவிஷனின் முதுகில் சொருகியிருந்த கேபிள்காரருடைய கம்பியைப் பிடுங்கினேன்; பரம சாந்தி. தெருவிலிருந்து வரும் அக்கம்பியின் உறை ஓர் எர்த்தையும், எங்கள் வீட்டுச் சுவர் மற்றோர் எர்த்தையும் கொண்டுவந்து சேர்க்க, அவ்விரண்டுக்கும் இடையே இருந்த அற்ப பேதத்தால் ஓடிய மின்னோட்டத்தைத்தான் ரிசீவர் சங்கீதமென்று பாவித்து, பக்தி சிரத்தையோடு பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

“என்னடா இது, சீரியலைக் காணோமே!” என்று சமையலறையிலிருந்து அம்மா வந்துவிட்டாள்.

கேபிளுக்கும் பெட்டிக்கும் நடுவே பொருத்தி, எர்த்தின் தொடர்பை மட்டும் அறுத்துவிடும் சிறு சாதனம் ஒன்று கடையில் உண்டு, சொற்ப விலைதான். அதை வாங்கி வரும்வரை கம்பி யதாஸ்தானத்திலேயே இருந்தது. சீரியலில் அழுகை மிகுதியாக இருந்தபடியால் ரீங்காரம் யார் காதிலும் விழவில்லை.