பூ.கு. 05/03

டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவோ, நியூஜெர்சியின் எடிசனோ, கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டோ, எந்த ஊராக இருந்தாலும் சாயங்காலம் அபார்ட்மென்ட் நடைபாதையில் அவரைப் பார்த்துவிடலாம். சேலைக்கு மேல் மாப்பிள்ளையின் பழைய ஜாக்கெட். காலில் மகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ. எதிரே இன்னொரு சேலையும் ஜாக்கெட்டும் வந்தால் நின்றுவிடுவார். முதல் கேள்வி, "எந்த ஊரு?" இரண்டாவது, "டெலிவரிக்கா?" மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. "ஃப்ரீசர்ல எத்தனை டப்பா ஆச்சு?"

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகிற அம்மாக்களைப் பற்றிய கேலியெல்லாம் பெரும்பாலும் பெட்டியோடு நின்றுவிடுகிறது. தலா 23 கிலோவுக்கு ஒரு கிராம் மிஞ்சாத இரண்டு பெட்டிகள். அவற்றில் சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, சுண்டைக்காய் வற்றல், ஏழு சுற்றுச் சுற்றிய பிரசவ லேகியம். இது மருந்தா, உணவா என்று சுங்க அதிகாரி கேட்டால், அதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் கிடையாது. ஆனால் பெட்டி வெறும் முன்னுரைதான். அந்த அம்மாவின் முழு உருவமும் தெரிவது ஃப்ரீசர் கதவைத் திறந்துகொண்டு இடுப்பில் கைவைத்து நிற்கும்போதுதான்.

இத்தனைக்கும் ஆயுள் முழுக்க அவர் குளிர்பெட்டியின் எதிரி. ஊரில் ஃபிரிட்ஜ் என்றால் மாவு, தயிர், மல்லிகைப்பூ, கொத்தமல்லித்தழை. ஃப்ரீசர் என்றால் அடியோடு ஒட்டிக்கொண்டு, கத்தியால் நெம்பினாலும் வராத ஒரு ஐஸ் தட்டு. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத காலத்தையெல்லாம் பார்த்தவர் அதை நம்பிக் குழம்பை வைக்க அவருக்கு என்ன கிறுக்கா? நேற்று வைத்ததை இன்று தின்றால் வாயு. முந்தாநாள் வைத்ததைத் தின்றால் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. அதிலும் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி என்றால் அந்தந்த வேளைக்கு வடித்த சோறு, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பூண்டுக் குழம்பு. ஆறினதுகூட ஆகாது.

அப்படிப்பட்டவரிடம்தான் வந்து இறங்கிய வாரத்திலேயே மகள் சொன்னாள்.

"அம்மா, இப்பவே எல்லாத்தையும் செஞ்சு ஃப்ரீஸ் பண்ணிடலாம்மா. இங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

"பிள்ளை பெத்தவளுக்குப் பழசா? உங்க ஆச்சி கேட்டா செத்தே போயிருப்பா."

"ஆச்சி செத்துட்டாங்கம்மா."

அந்த ஊர்க்காரர்கள் செய்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சுகப்பிரசவம் என்றால் இரண்டே நாளில் குழந்தையைக் கார் சீட்டில் பூட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1993-இல் வந்த சட்டப்படி பெற்றவளுக்கு 12 வாரம் விடுப்பு உண்டு, அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் எல்லோருக்கும் இல்லை. கூட இருக்க அத்தை இல்லை, சித்தி இல்லை, வாசலில் காய்கறிக்காரர் இல்லை. ஆகவே எட்டாம் மாதத்தில் வெள்ளைக்காரப் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று லசானியாவும் சூப்பும் பரிட்டோவும் செய்து உறைய வைக்கிறாள்.

அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கணக்குப் போட்டார். வலி நடுராத்திரியில் கண்டால் மகளோடு யார் போவது, அடுப்பை யார் பார்ப்பது? இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியாது. வீட்டுக்காரருக்கு இரண்டும் தெரியாது. அன்று சாயங்காலம் அவர் மனம் மாறினார். புதிதாக மதம் மாறியவருக்கு உரிய வேகம் மறுநாள் காலையிலிருந்து தெரிந்தது.

மாறினவர் சும்மா மாறவில்லை, சாஸ்திரத்தையும் திருத்தி எழுதிக்கொண்டார். ஃபிரிட்ஜில் வைத்ததுதான் பழசு. ஃப்ரீசரில் வைத்தது பழசு இல்லை. 0 டிகிரி ஃபாரன்ஹீட்டில், நம் கணக்கில் மைனஸ் 18-இல், உணவு எத்தனை காலம் ஆனாலும் கெடாது, நாளாக ஆக ருசிதான் குறையும் என்று அமெரிக்க விவசாயத் துறையே சொல்கிறது என மகள் படித்துக் காட்டினாள். முதல் பாதியை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். ருசி குறையும் என்பது தன் குழம்பைப் பற்றி இல்லை என்று விட்டுவிட்டார்.

அதன்பிறகு அந்தச் சமையலறையில் நடந்தது சமையல் அல்ல, உற்பத்தி. காஸ்ட்கோவிலிருந்து உரித்த பூண்டு பை பையாக வந்தது. மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. அதற்கென்றே கையில் ஒரு துண்டோடு வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்த்தி வைக்கப்பட்டார். பூண்டுக் குழம்பு, வெந்தயக் குழம்பு, மிளகுக் குழம்பு, புளிக்காய்ச்சல். பால் சுரக்க வேண்டும் என்பதற்காகச் சுறாப்புட்டு. அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, எதிர்வீட்டுக்காரர் வந்தால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். இட்லி மட்டும் ஈடு ஈடாக வெந்து, ஆறி, நான்கு நான்காகப் பையில் போய் உட்கார்ந்தது.

எது உறையும், எது உறையாது என்பதை அவர் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. சாம்பாரில் கிடந்த உருளைக்கிழங்கு உருக்கியபோது மணல் மணலாகிவிட்டது. கிழங்குக்கு விசா மறுக்கப்பட்டது. முருங்கைக்காய் நார் நாராக வந்தது. தேங்காய்ப்பால் திரிந்தது. மெதுவாக உறைந்தால் காயில் இருக்கும் தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் துகளாகிச் சதையைக் கிழித்துவிடும். சீக்கிரம் உறைந்தால் துகள் சிறியது, சேதமும் குறைவு. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் கனடாவின் லாப்ரடார் பனியில் இனுயிட் மக்கள் பிடித்த மீன் நொடியில் விறைப்பதைக் கண்டு இதைப் புரிந்துகொண்டார். 1930-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் தன் உறைந்த உணவுகளைக் கடைகளில் விற்பனைக்கு வைத்தார். நம் அம்மா அந்த இடத்துக்கு வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தார். டப்பா தீர்ந்துபோனதால் குழம்பை ஜிப்லாக் பையில் ஊற்றி, தோசைக்குப் பரப்புவது மாதிரி தட்டையாகப் பரப்பிப் படுக்க வைத்தார். அது சீக்கிரம் உறைந்தது, சீக்கிரம் உருகியது, இடத்தையும் அடைக்கவில்லை. ஊறுகாய் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி வைத்த மிளகுக் குழம்புதான் ராத்திரியில் வெடித்தது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும் என்று மாப்பிள்ளை விளக்கினார். "நான் பாட்டில் மட்டம்னு நெனச்சேன், மாப்பிள்ளை" என்றார் அம்மா.

ரசத்தை மட்டும் அவர் தொடவிடவில்லை. "ரசத்த ஐஸ் வெக்கிறவ வீட்டுல பொண்ணு குடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது." எந்த மாற்றத்துக்கும் ஒரு எல்லை வேண்டும் இல்லையா.

இதில் ஒரு வேடிக்கை. குழந்தை பிறக்கும் முன் அதற்கு ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்பது அவர் சட்டம். தொட்டில் வந்த அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் வராந்தாவில் நின்றது. டயபர் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதே குழந்தையின் பெயரில் நான்கு மாதத்துக்கான குழம்பு உள்ளே விறைத்துக்கொண்டிருந்தது. கேட்டால், "அது குழந்தைக்கா? அவளுக்கு" என்றார்.

இனி வீட்டுக்காரர். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு அமெரிக்காவில் வேலை கிடைப்பது அபூர்வம், இவருக்குக் கிடைத்தது. வெள்ளை மாஸ்கிங் டேப், கறுப்பு மார்க்கர், லேபிள் எழுதும் பொறுப்பு. இடம் போதாதென்று சுருக்கெழுத்து: பூ.கு., மி.கு., வெ.கு., பு.கா. கீழே தேதி. மறுவாரமே முதல் சிக்கல். வெ.கு. என்றால் வெந்தயக் குழம்பா, வெண்டைக்காய்க் குழம்பா? அவருக்கே தெரியவில்லை. மைனஸ் 18-இல் தமிழ்நாட்டுக் குழம்பு அனைத்துக்கும் ஒரே நிறம், ஒரே கனம், மணம் கிடையாது. ஒரு நாள் ராத்திரி பசியோடு வந்த மாப்பிள்ளை பு.கா. என்பதை ஏதோ புதுக் குழம்பு என்று நினைத்து முழுதாக உருக்கிச் சோற்றில் கொட்டிச் சாப்பிட்டார். பத்துப் பேர் பிசையும் புளிக்காய்ச்சல். மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. விடிய விடியத் தண்ணீர் குடித்தார்.

தேதி விவகாரம் அதைவிட மோசம். மாமனார் நம் வழக்கப்படி நாளை முன்னால் எழுதியிருந்தார்: பூ.கு. 05/03. பத்து வருஷமாக மாதத்தை முன்னால் எழுதிப் பழகிய மாப்பிள்ளை அதை மே 3 என்று படித்தார். அப்போது மார்ச்சே முடியவில்லை.

"அத்தை, இந்தக் குழம்பு இன்னும் வைக்கலையே?"

"எது மாப்பிள்ளை?"

"அடுத்த மாசத்துக்கும் அடுத்த மாசம்தான் வைக்கப் போறீங்க."

அன்று முதல் மாமனார் மாதத்தை எழுத்தில் எழுதினார்: பங்குனி.

குழந்தை, டாக்டர் குறித்த தேதியை மதிக்காமல் ஒன்பது நாள் முந்தியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பெற்றவளுக்கு முதலில் வந்தது பெரிய தம்ளர் நிறைய ஐஸ் தண்ணீர். பின்னாலேயே குளிர்ந்த சாண்ட்விச். அம்மா கண்ணில் தண்ணீர் வந்தது, சந்தோஷத்தால் அல்ல. ஃபிளாஸ்கில் இருந்த மிளகுக் குழம்பையும் குழைந்த சோற்றையும் எடுத்தார். அறைக்கு வந்த நர்ஸ் ஒருமுறை மூக்கை உறிஞ்சி, கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாராம். இதை நடைபாதை நண்பர்களிடம் அவர் சொல்லும்போது நர்ஸ்கள் மூன்று பேராகிவிடுவார்கள்.

வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம் ஃப்ரீசர் தன் பிறவிப்பயனை அடைந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பசியெடுத்தாலும் பூ.கு. ஐந்து நிமிடத்தில் தயார். அம்மா கையில் குழந்தை. அடுப்பு தேடுவாரற்றுக் கிடந்தது. வந்து பார்த்த பக்கத்து அபார்ட்மென்ட் கர்ப்பிணி, "ஆன்ட்டி, எங்கம்மாவுக்கும் இதச் சொல்லிக் குடுங்க" என்றாள். அதே இரவு அவள் அம்மாவுக்குச் சேலத்துக்குப் போன் போனது. ஒரு மணி நேர வகுப்பு. உருளைக்கிழங்கு எச்சரிக்கை உட்பட.

மூன்றாம் வாரம் போர் மூண்டது. இன்சூரன்ஸில் பால் உறிஞ்சும் பம்ப் வந்தது. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குமுன் தாய்ப்பாலைச் சேமிக்க வேண்டும். சாதாரண ஃபிரிட்ஜில் வைத்தால் 4 நாள்தான். ஃப்ரீசரில் என்றால் 6 மாதம் வரை நல்லது. சின்னச் சின்னப் பைகளில் அளந்து, தேதி எழுதி (அமெரிக்க முறையில், மகளே எழுதினாள்) கொண்டுவந்து பார்த்தால் விரல் நுழைய இடமில்லை.

அம்மா முதலில் மாப்பிள்ளையின் ஐஸ்கிரீமை வெளியேற்றினார். அடுத்து அவருடைய பீட்சா. அதற்கும் அடுத்து பட்டாணி. பிறகு அவரையே ஒரு பார்வை பார்த்தார். பூ.கு. ஒன்றும் நகரவில்லை. தாய்ப்பால் பக்கத்தில் சுறாப்புட்டு இருக்கலாமா, வாடை ஏறாதா என்று மகள் பதற, அந்தச் சுறாப்புட்டால்தானே இந்தப் பாலே வந்தது, இரண்டும் ஒரே குடும்பம் என்றார் அம்மா. தர்க்கத்தில் பிழை காண முடியாமல் மாப்பிள்ளை கராஜில் வைக்க ஒரு டீப் ஃப்ரீசர் வாங்கினார். "கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?" என்றார் மாமனார். கேள்வியில் அர்த்தம் இருந்தது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸில் பல வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் 48 மணி நேரம் குளிர் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே அம்மா மீதிப் பாதியையும் நிரப்பத் தொடங்கினார்.

அமெரிக்கா விருந்தாளிக்கு வழக்கமாகத் தருவது 6 மாதம். அம்மா கிளம்பும் முன் டீப் ஃப்ரீசர் மூடியை உட்கார்ந்துதான் மூட வேண்டியிருந்தது. அடுத்த முறைக்காரர் சம்பந்தியம்மா. அவரும் வந்து இறங்கினார், இரண்டு பெட்டியோடு, ஏழு சுற்று லேகியத்தோடு. பேரனைக் கொஞ்சினார், கால் கழுவினார், நேராகக் கராஜுக்குப் போனார். மூடியைத் திறந்து, மேலே கிடந்த ஒரு தட்டைப் பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஏண்டா, இது யாரு வெச்ச குழம்பு?"

மகன் அம்மாவைப் பார்த்தான். கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தான். பிறகு பையைக் கையில் வாங்கி, 'பங்குனி' என்று கொட்டை எழுத்தில் இருந்த டேப் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டான்.

"தெரியலையேம்மா, லேபிள் அழிஞ்சுபோச்சு."