போன வருசக் குழி

பாலவனத்தம் பக்கம் கரிசல் மண்ணில் குழி தோண்டுவது விளையாட்டில்லை. வெயில் ஏறிவிட்டால் நிலம் வெடித்துக் கால்விரல் உள்ளே போகும். கடப்பாரை மட்டும் இறங்காது. அதனால் நாட்டு நலப்பணி முகாமுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் குழி தோண்டுவதில்லை. நூறு நாள் வேலைப் பெண்கள் முந்தின நாளே தோண்டி வைத்திருப்பார்கள். சில வருசம் அந்தச் சிரமமும் கிடையாது, போன வருசக் குழியே இருக்கும். அதில் போன வருசக் கன்று குச்சியாகக் காய்ந்து நிற்கும். அதைப் பிடுங்கி ஓரமாக எறிந்துவிட்டு, அதே குழியில் புதுக் கன்றை வைத்து, முதல்வர் சாமி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார். கைதட்டல். போட்டோ. சும்மா போட்டோ இல்லை, அட்சரேகை தீர்க்கரேகை பொறித்த ஜியோடேக் போட்டோ. ஆண்டவர் எங்கும் நிறைந்திருக்கிறார் என்று மறைக்கல்வியில் சொன்னால் பிள்ளைகள் நம்பிவிடும். கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு நம்பாது.

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். கத்தோலிக்கக் கல்லூரி, பெயரைச் சொன்னால் மற்றக் கல்லூரிகள் தப்பித்துக்கொள்ளும்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-இல், காந்தி நூற்றாண்டில் பிறந்தது. இரண்டு வருசத்தில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம். ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது குறிக்கோள். பிளெக்ஸில் முதல்வர் படம் நாலு அடி, செயலர் படம் மூன்று அடி. ‘உனக்காக’ என்ற அந்த ‘நீ’யின் ஊர்ப்பெயர் அடியில், பிரஸ்காரன் போன் நம்பருக்கு மேலே.

இரண்டாம் நாள் சீமைக்கருவேல ஒழிப்பு. ‘நிலத்தடி நீரை உறிஞ்சும் எமன்’ என்று ஒரு பையன் கண்மாய்க்கரையில் நின்று முழங்குகிறான். கேட்டுக்கொண்டிருக்கிற கிழவிக்குக் கையெல்லாம் முள் கீறிய தழும்பு. அந்த எமனை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுத்தான் இந்தச் சீமையில் பல வீட்டில் உலை கொதிக்கிறது.

“வேரோட புடுங்கிருவீகளா தம்பி? அப்ப அடுப்புக்கு?”

“அது சுற்றுச்சூழலுக்குக் கேடு, பாட்டி.”

“எது, அடுப்பா?”

மூன்றாம் நாள் சமூக வரைபடம். கோயில் முன்னால் தரையில் கலர்க் கோலப்பொடியால் ஊரை வரைகிறார்கள். கோயிலுக்கு மஞ்சள், கண்மாய்க்கு நீலம், தெருக்களுக்குப் பச்சை. காலனிக்கு வரும்போது பொடியும் தீர்ந்துவிட்டது, இடமும் தீர்ந்துவிட்டது. ஒரு பெண் வெள்ளைப் பொடியில் ஓரமாக நாலு கட்டம் போட்டு முடித்தாள். அது ஏன் அத்தனை தள்ளி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை. கேட்டிருந்தால், உடன் வந்த சாமி தன் பங்குக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் பேச வேண்டியிருந்திருக்கும். திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் கொள்கை அறிக்கை போட்டே ஒப்புக்கொண்டது. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைச் சொன்னால் பரிகாரம் உண்டு. இந்தப் பாவத்துக்கு இன்னும் கருத்தரங்கம்தான் நடக்கிறது.

பாலவனத்தம் இருக்கிற இதே விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புப் பக்கம் பிறந்தவர் தலித் எழுத்தாளர் பாமா. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே சாதியும் வசதியும் ஜெபமாலை உருட்டுவதைப் பார்த்து ஏழு வருசத்தில் வெளியே வந்தார். 1992-இல் அவருடைய தன்வரலாறு ‘கருக்கு’ வந்தது. இன்று அதே கத்தோலிக்கக் கல்லூரிகளில் அது பாடம், ஐந்து மதிப்பெண் வினா. எழுதியவளை மடத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை, எழுதியதைப் பாடத்திட்டத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது.

கேள்வி உள்ளேயிருந்தும் எழுந்ததுண்டு. 1973-இல் இயேசு சபைத் தலைவர் அருப்பே, ஸ்பெயினின் வலென்சியாவில் சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்களைப் பார்த்து, உங்களை நீதிக்காகப் பழக்கினோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். பலர் முகம் சுளித்தார்கள். 1975-இல் சபையின் 32-வது பொதுப்பேரவை, நீதியில்லாமல் விசுவாசப் பணி இல்லை என்று தீர்மானம் போட்டது. அதை நிஜமென்று எடுத்துக்கொண்டவர் திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி. ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு இருந்தார். அவர் முகாம் ஏழு நாளில் முடியவில்லை. 2020 அக்டோபரில், 83 வயதில் கைது. கை நடுக்கத்தில் குவளை பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு மனுப் போட்டார். 2021 ஜூலை 5-இல் ஜாமீன் வருவதற்குள் இறந்தார். இப்போது கல்லூரியில் அவர் படத்துக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ஏற்றி முடித்ததும் உருகிய மெழுகைச் சுரண்டுகிற அம்மா ஒப்பந்தக் கூலி, அவளுக்குப் பி.எஃப். உண்டா என்று கேட்கிற மாணவனுக்கு அடுத்த வாரம் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு.

கடைசி நாள் கணக்கெடுப்பு. கருவேலக் கிழவியின் வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் படிவத்தோடு உட்கார்ந்தாள்.

“வீட்ல யாரும் காலேஜ் போகலையா பாட்டி?”

“பேத்தி பன்னெண்டு முடிச்சா தாயி. ஒங்க காலேஜுக்குத்தான் போயிக் கேட்டோம். சுயநிதியிலதான் எடம் இருக்குன்னு ஒரு தொகை சொன்னாக. வந்துட்டோம். இப்ப மில்லுக்குப் போறா.”

படிவத்தில் மூன்று கட்டம் இருந்தது: ஆர்வமின்மை, வறுமை, விழிப்புணர்வின்மை. பிள்ளை கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

மூன்றாவதில் டிக் போட்டுவிட்டு எழுந்தாள்.