ஃபோர்க்லிஃப்ட் எஞ்சின் சாசனவியல்: அரக்கோணத்துப் பிரதியை முன்வைத்து

ரயில் எஞ்சினைப் பொறுத்தவரை அரக்கோணத்தில் ஆய்வாளருக்கு வேலையே இல்லை. மின்சார லோகோ ஷெட்டிலிருந்து வரும் வண்டி தன் குலம் கோத்திரத்தை மேலேயே எழுதிக்கொண்டு வருகிறது. டபிள்யூ.ஏ.ஜி. என்றால் அகலப்பாதை, மாறுமின்சாரம், சரக்கு. பிளாட்பாரத்தில் வடை தின்னும் பையன்கூட வாசித்துவிடுவான். நம் துறையின் சிக்கலெல்லாம் அதே ஊர் குடோன்களில்தான்.

அங்கே படுத்துவிட்ட ஃபோர்க்லிஃப்டின் சீட்டைத் தூக்கினால், முதலாளிக்கு ஒரு பூச்சு வீதம் பெயின்ட் வாங்கிய எஞ்சின் ஒன்று தெரியும். நேம் பிளேட்டை வாசிக்க மண்ணெண்ணெய், உப்புத்தாள், சாக்பீஸ் ஆகியவற்றை மரபு அனுமதிக்கிறது. கல்வெட்டில் மைப்படி எடுப்பதுபோலத் தேய்த்ததில் கிடைத்த வாசகம்: ‘பெர்கின்ஸ் 4.2…’ மேற்கொண்டு சிதைவு.

பாடபேதம் இங்கே பிறக்கிறது. பெர்கின்ஸ் கணக்கில் புள்ளிக்கு முன்னால் சிலிண்டர், பின்னால் கன அங்குலம். விடுபட்டதை 203 என்று நிரப்பினால் 3.3 லிட்டர், 236 என்றால் 3.9, 248 என்றால் 4.1. ஓனர் 203 கட்சி, மாற்று எஞ்சினின் விலை அப்படி. டிரைவர் 248 கட்சி. (டிரைவர்கள் எப்போதுமே பெரிய எஞ்சின் கட்சிதான், இதற்குச் சான்று தேவையில்லை.)

“பிளேட்ட உடுங்க சார், ஹெட்ட எறக்குவோம்” என்றார் மெக்கானிக். முறையியல் நோக்கில் இது ஒரு புரட்சி. மூன்றுக்கும் ஸ்ட்ரோக் 127 மி.மீ. தான், போர் மட்டுமே வேறு: முறையே 91.4, 98.4, 101. அளந்ததில் 98-ஐச் சற்றே தாண்டியது. ஆக, 236.

செம்பியத்து சிம்சன் ஆலையில் பெர்கின்ஸ் எஞ்சின்கள் தயாரானதால் சென்னைப் பட்டறைகளுக்கு இந்தக் குடும்பம் அந்நியமல்ல. புதுப்பேட்டையில் ஒரு 236 அகப்பட்டது, டிராக்டரிலிருந்து கழற்றியது. டிராக்டரில் எஞ்சினே முதுகெலும்பு. முன் அச்சின் பாரத்தைத் தாங்குவதற்காக அதன் சம்ப் கனத்த வார்ப்பிரும்பு. ஃபோர்க்லிஃப்டில் எஞ்சினைச் சட்டம் தாங்குகிறது. தகர சம்ப் போதும். எனவே பழையதன் சம்ப், ஃப்ளைவீல், பெல் ஹவுசிங், கவர்னர், ஹைட்ராலிக் பம்ப்பை ஓட்டும் கியர் எல்லாம் புதியதற்கு இடம்பெயர்ந்தன.

பிளேட் எதற்கு? புதியதற்கு என்றார் ஓனர். பழையதற்கே என்று ஸ்டோர்கீப்பர் மறுத்தார். போவது எது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டுமாம். காயலான் கடைக்காரர் எடையை மட்டும் கேட்டார்.