பாட்டுக்குக் கால் இருக்குதா, கண்ணு?

ஏங் கண்ணு, ஒரு வாரமா உன்ற போனுக்குக் கூப்பிட்டா, நீ எடுக்கறதுக்கு முந்தி ரகுமான் எடுத்துக்கறாரு. 'வெள்ளைப் பூக்கள்' பாட்டு. அதைக் கேட்டுக்கிட்டே கூப்பிட்ட சோலியை மறந்துட்டு வெச்சர்றேன். எனக்கு ஒண்ணும் நட்டமில்ல, நீதான் எடுக்கவே மாட்டீங்கறியே.

நேத்து டீக்கடையில நீ பேசுனதைத்தான் ராத்திரி பூரா நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். "இந்தப் பாட்டை உலகம் பூரா போட்டு விட்டா ஒரு பய துப்பாக்கி தூக்க மாட்டானுங் பெரியப்பா"ன்னே. வாயை மூடறதுக்குள்ள உன்ற தம்பி உள்ள வந்தான். டீயைப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டே. மிச்சத்தை நாந்தான் குடிச்சேன். ஆறிப் போயிருந்துது, ஆனா சக்கரை அளவா இருந்துது.

உனக்குத் தெரியாத சேதி ஒண்ணு சொல்றேன், கெட்டியாப் புடிச்சுக்க. 'கன்னத்தில் முத்தமிட்டால்' படம் வந்தது 2002 பிப்ரவரி 14. மணிரத்னம் படம், வைரமுத்து எழுத்து, இந்தப் பாட்டைப் பாடினதும் ரகுமானேதான். பெத்தவளைத் தேடி ஒரு பொண்ணு சண்டை நடக்கற இலங்கைக்குப் போற கதை. படம் வந்து எட்டே நாளு, 22ந் தேதி, அங்க போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிருச்சு. நார்வேக்காரங்க நடுவுல நின்னாங்க. இது தெரிஞ்சிருந்தா நேத்து நீ டீக்கடை பெஞ்சு மேலயே ஏறி நின்னிருப்பே.

காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை, கண்ணு. ரகுமானுக்கும் வைரமுத்துக்கும் தேசிய விருது கெடைச்சுது, பாட்டும் இன்னமும் இருக்குது. ஒப்பந்தந்தான் இல்ல. 2008 சனவரியில அரசாங்கம் அதுல இருந்து வெலகிக்கிச்சு. 2009 மே மாசம் முள்ளிவாய்க்கால். அந்த எடத்துல எனக்குக் கேலி வர மாட்டேங்குது. தாண்டிப் போயிக்கறேன்.

அதுக்காகப் பாட்டைக் கொறை சொல்றேன்னு நெனைச்சுக்காத. ஏத்தம் எறைச்சதை நீ பாத்திருக்க மாட்டே. ஒவ்வொரு சாலுக்கும் ஒரு அடி பாடுவாங்க, எண்ணிக்கை தப்பாது. பாட்டு ஒரு சொட்டுத் தண்ணி எறைச்சதில்ல, எறைக்கறவன் ஓஞ்சு உக்காராமப் பாத்துக்கிச்சு, அவ்வளவுதான். ஏத்தப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லேன்னு சும்மாவா சொன்னாங்க? பாடறவன் காலடியில வேலை நடக்குது. அவங்கிட்டப் போயி எவன் எதிர்ப்பாட்டுப் பாடறது?

நம்ம மோகனூர்ல பொறந்த ராமலிங்கம் பிள்ளை இருக்காரே, நாமக்கல் கவிஞர், அவரு 1930ல உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு ஒரு பாட்டுக் கட்டிக் குடுத்தாரு. ஆயுதமே எடுக்காத சண்டைக்கு அணிவகுப்புப் பாட்டு. அதைக் காதுல மாட்டிக்கிட்டு யாரும் கட்டல்ல சாயல. திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்குப் பதினஞ்சு நாளு, நூறு பேரு, சித்திரை வெயிலு, முன்னால ராஜாஜி. வாயில பாட்டு, கால்ல கொப்புளம்.

அந்த ராஜாஜி யாரு? சேலத்துல வக்கீலாத் தொழில் பண்ணி, சேலம் முனிசிபாலிட்டிக்குத் தலைவரா இருந்தவரு. 1962ல, 83 வயசுல, அமெரிக்காவுக்குப் போயி கென்னடி எதிர்ல உக்காந்து அணுகுண்டுச் சோதனை வேண்டாம்னு வாதாடிட்டு வந்தாரு. மறு மாசமே கியூபா விவகாரத்துல அணுகுண்டுச் சண்டை வாசப்படி வரைக்கும் வந்துட்டுது! மனுசன் சலிச்சுக்கல. 1963ல வல்லரசுங்க ஒரு ஒப்பந்தம் போட்டாங்க: காத்துல, தண்ணிக்கடியில, ஆகாசத்துல சோதனை கூடாது. பூமிக்கடியில மட்டும் விட்டு வெச்சுக்கிட்டாங்க. 'வரப்பு மேல அடிச்சுக்க மாட்டோம், வரப்புக்குக் கீழ பாத்துக்கலாம்'ங்கற மாதிரி. நம்ம ஊருப் பஞ்சாயத்தேதான்.

அப்பறந்தான், 1966 அக்டோபர்ல, அவரு இங்கிலீசுல எழுதுன பிரார்த்தனைப் பாட்டை எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில பாடுனாங்க. கேட்டவங்க கை தட்டுனாங்க. வியட்நாம்ல குண்டு மட்டும் 1975 வரைக்கும் நிக்கல. பாத்துக்க, ராஜாஜி மொதல்ல போயிட்டு வந்தாரு, பொறவு பாட்டு எழுதுனாரு. நீ மொதல்லயும் பாட்டு, பொறவும் பாட்டு.

உன்ற பாட்டு வந்த படத்துல வர்ற சண்டை எங்கயோ கடலுக்கு அந்தாண்டன்னு நெனைக்கறியே, தாரமங்கலத்துக்குப் பக்கத்துல பவளத்தானூர் முகாம் இருக்குது, இந்தப் பக்கம் பரமத்தியில ஒண்ணு. அந்தச் சண்டைக்குத் தப்பி வந்தவங்க பேரன் பேத்தி எடுத்து இங்கயே கெடக்கறாங்க. கோழித் தீவன லாரியை அந்த வழியாத்தான் ஓட்டிக்கிட்டுப் போறே. ஒரு நாளாச்சும் நிறுத்தி, ஏனுங் நல்லா இருக்கறீங்களான்னு கேட்டியா? லாரிக்குள்ள பாட்டுச் சத்தத்துல ஆரன் சத்தமே உனக்குக் கேக்கறதில்ல.

சரி, பரமத்தி தூரந்தான். உன்ற வாசல்ல இருந்து தம்பி வாசலுக்கு எண்ணிப் பாத்தேன்: நாப்பத்தி மூணு எட்டு. நடுவுல ஒரு வேப்பமரம், நெழல் கூட இருக்குது. வேதாரண்யம் போனவங்களுக்கு இந்தச் சொகம் உண்டா?

இன்னொண்ணு சொல்லாம உட்டா எனக்குச் சோறு எறங்காது. நம்ம பங்காளிக் கெணத்து மோட்டார் ரூம்புக்கு நீ ஒரு பூட்டு, அவன் ஒரு பூட்டுன்னு மூணு வருசமாத் தொங்குது. உங்க ரெண்டு பேரு முறைத் தண்ணியும் வீணாக் கெடக்குதேன்னு என்ற ஆயில் இஞ்சினை எறக்கி என்ற குச்சிக்கெழங்குக் காட்டுக்கு எடுத்துக்கறேன். மூணு வருசமா கெழங்கு தொடை தண்டி. எந்தச் சண்டையாச்சும் தீராம இழுத்துக்கிட்டே போச்சுன்னா, பக்கத்துக் காட்டுல யாருக்குக் கெழங்கு வெளையுதுன்னு எட்டிப் பாரு. அதைப் பாக்காமப் பாடற பாட்டெல்லாம் வரப்புல உக்காந்து பாடற பாட்டுத்தான்.

அதனால போயிப் பேசு, கண்ணு. அவசரமொண்ணும் இல்ல. தையில கெழங்கைப் புடுங்கிருவேன், பொறவு நாப்பத்தி மூணு எட்டையும் ஒரே மூச்சுல நட. அது வரைக்கும் ரகுமானே பாடிக்கிட்டிருக்கட்டும்.