கசக்காத கிரீன் டீக்கு ஒரு வக்காலத்து

கிரீன் டீயை யாரும் குடிப்பதில்லை, தவணை கட்டுகிறார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. நிலவேம்புக் கஷாயத்துக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைப் பாவம், ஒரு தேநீருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கசந்தால்தான் மருந்து என்ற நம்பிக்கை நமக்கு ரத்தத்திலேயே ஊறியது. அதனால் இதைக் கொஞ்சம் வாய்க்கு இதமாகப் போட்டுக் குடிக்கலாமே என்று யாராவது சொன்னால், ருசி வந்தால் பலன் போய்விடாதா என்று சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குடிப்பதைவிடப் பிடித்த மாதிரி போட்டுக் குடிப்பதுதான் பலனுக்கே நல்ல வழி என்பது என் கட்சி.

எதிர்க்கட்சியிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. கிரீன் டீயில் நாம் தேடிப் போகும் சரக்கின் பெயர் கேட்டகின்கள். கசப்பையும் துவர்ப்பையும் பெரும்பாலும் தருவது அதே கேட்டகின்கள்தான். அவை எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் எச்சிலின் வழவழப்பு போய், பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொள்கிறது. ஆகவே கசப்பே இல்லாத கிரீன் டீ என்று ஒருவர் விற்றால், அதில் டீயும் அதிகம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் வீடுகளில் கசப்பது இலையின் குணத்தால் மட்டுமல்ல, நம் கைப்பக்குவத்தாலும்தான். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, டீ பேக்கை அதிலேயே ஊறவிட்டு, போனில் ஒரு பஞ்சாயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு வந்து, கடைசிச் சொட்டும் வீணாகக் கூடாது என்று பையைக் கரண்டியால் பிழிகிறோம். ஜப்பானியர்கள் கொதித்த நீரைச் சற்று ஆறவைப்பதற்கென்றே ‘யூசமாஷி’ என்று தனியாக ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அன்றாட கிரீன் டீயான செஞ்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி சூடும் ஓரிரு நிமிடமும் போதும். நமக்கு யூசமாஷி வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டு நான்கைந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். அதுதான் நமக்குச் சிரமம்.

சூடு குறைந்தால் கேட்டகின் குறைவாகத்தானே இறங்கும்? குறையும், மறுக்கவில்லை. ஆனால் பலன் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் ஆய்வுகளில் ஒன்று ஜப்பானின் மியாகி மாநிலத்தில், ஓசாகி பகுதியில் நடந்தது. 40 முதல் 79 வயதுவரை உள்ள 40,530 பேரை 1994 தொடங்கிப் பல ஆண்டுகள் கவனித்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஐந்தும் அதற்கு மேலும் குடித்தவர்களிடையே இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறப்பது பெண்களில் 31 சதவீதமும் ஆண்களில் 22 சதவீதமும் குறைவு. புற்றுநோய் இறப்பில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஊர்க் கோப்பை 100 மில்லிதான் என்பதால் ஐந்து கோப்பை என்று கேட்டு மயங்கி விழ வேண்டாம். நம் வீட்டு மக்கில் இரண்டு சொச்சம். இதை வைத்து டீதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அவர்கள் தின்ற மீனும் நடந்த நடையும் கணக்கில் எங்காவது ஒளிந்திருக்கலாம். நான் கவனிப்பது வேறு. அந்த நாற்பதாயிரம் பேருக்கும் யாரும் டீயை மருந்தாக எழுதிக் கொடுக்கவில்லை. பிடித்தவர்கள் குடித்தார்கள், வருஷக்கணக்கில். சித்திரையில் சபதம் எடுத்து வைகாசியில் டப்பாவைப் பரணில் போடுகிறவருக்கு, கோப்பைக்கு எத்தனை மில்லிகிராம் இறங்கியது என்ற கணக்கு எதற்கு?

ஆக, தொடர்ந்து குடிக்கவைக்கும் எந்தத் தந்திரமும் நல்ல தந்திரமே. எலுமிச்சை பிழியலாம், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் செரிமானத்தை ஆய்வகத்தில் போலியாக நடத்திப் பார்த்தபோது, எலுமிச்சை, ஆரஞ்சு வகைச் சாறு சேர்ந்தால் கேட்டகின்கள் சிதையாமல் அதிகம் தங்கின. சோதனைக் குழாய் நம் வயிறு ஆகாது, வயிற்றுக்குள் நாம் போடுவதையெல்லாம் அந்தக் குழாய்க்குள் யாரும் போட்டதில்லை. இருந்தாலும் ருசிக்காகப் பிழிகிற எலுமிச்சை பலனையும் கெடுக்காது என்பது ஆறுதல். பச்சை வாடைதான் ஆகவில்லை என்றால் சீனத்து ரகங்களைப் பார்க்கலாம். ஜப்பானியர்கள் இலையை ஆவியில் வேகவைக்கிறார்கள், சீனர்கள் பெரும்பாலும் வாணலியில் வறுக்கிறார்கள். வறுத்ததில் அந்தப் புல் வாசனை அடங்கிவிடும். ஜப்பானிலேயே வறுத்த அரிசியைக் கலந்த ‘கென்மைச்சா’ இருக்கிறது. அரிசி வறுபடும் வாசனைக்கு மயங்காத தமிழர் உண்டா? காஷ்மீரிகள் ஏலக்காய், குங்குமப்பூ போட்டுக் கஹ்வா காய்ச்சுவார்கள். மொராக்கோக்காரர்கள் புதினா போடுவார்கள். அவர்களிடமிருந்து புதினாவை மட்டும் கடன் வாங்குங்கள், சர்க்கரையை வேண்டாம்.

இவ்வளவு எதற்கு, மாத்திரையாக விழுங்கிவிடலாமே என்று கேட்பவர்கள்தான் என்னைப் பயமுறுத்துகிறார்கள். நாக்கைத் தாண்டிப் போவதால் கசப்பு தெரியாது, அளவும் தெரியாது. கேட்டகின்களில் முக்கியமான இ.ஜி.சி.ஜி. என்பதை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ சத்து மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. டீயாகக் குடித்து அந்த அளவை எட்டுவது எளிதல்ல. கசப்புக்கு அந்த மட்டில் ஒரு காவல்காரன் வேலை உண்டு.

சாப்பிட்ட கையோடு குடிப்பதும் வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதற்கு டீ குறுக்கே நிற்கும். பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ள நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம். இளைப்பதற்காகக் குடிப்பவர்களுக்கு என்னிடம் நல்ல செய்தி இல்லை. ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012இல் பார்த்தபோது, சொல்லிக்கொள்ளும்படி எடை எதுவும் இறங்கியிருக்கவில்லை. சர்க்கரை டீக்குப் பதிலாகக் குடித்தால் அந்தச் சர்க்கரை மிச்சம், அவ்வளவே.

இத்தனைக்குப் பிறகும் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். டீக்கடை டீயும் அதே செடியின் இலைதான், காற்றுப் பட்டுக் கறுத்தது. பிரிட்டனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை வைத்து 2022இல் வந்த ஆய்வில், நாளுக்கு இரண்டு கோப்பைக்குக் குறையாமல் டீ குடிப்பவர்களின் இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் குடித்தது பெரும்பாலும் கறுப்புத் தேயிலை. பால் சேர்த்தவர்களிடமும் அதே போக்குதான். ஆகவே கூச்சப்படாமல் கடைக்குப் போகலாம். சர்க்கரை பாதி என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, பஜ்ஜித் தட்டு இருக்கும் பக்கம் திரும்பாமல் நிற்க வேண்டும், அதுதான் பாடு.