குழாயடிக் குளத்தைத் தூர்ப்பது எப்படி?

சமையலறை சிங்க்குக்குப் பின்னால், குழாய் நிற்கிற இடத்துக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரற்கடை அகலத்தில் ஒரு நிலப்பரப்பு உண்டு. வீட்டுப் பத்திரத்தில் அதற்குத் தனி சர்வே எண் கிடையாது. ஆனால் உங்கள் குடும்பச் சொத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற நீர்நிலை அது ஒன்றுதான். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகளெல்லாம் வறண்டு, லாரித் தண்ணீரைப் பிடித்துவந்து டம்ளர் டம்ளராகப் புழங்கிய வீடுகளிலும் அந்த இடம் மட்டும் காயவில்லை. பாத்திரம் தேய்க்கிற பச்சைக் கட்டியை அங்கே வைத்தவர்களுக்குத் தெரியும்: காலையில் வைத்த கட்டி சாயங்காலம் கூழாகி, வழித்து எடுக்கிற பதத்தில் இருக்கும்.

இந்தக் குளத்தைத் தூர்க்க நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. தேவையான பொருட்கள்: ஒரு பழைய தினசரி, ஒரு கிழிந்த வேட்டி, நிறையப் பொறுமை. பிளம்பரின் நம்பர் இருந்தாலும் நல்லதுதான். அவர் எடுக்கப்போவதில்லை என்பதால் செலவில் சேராது.

முதல் வேலை, ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிப்பது. இரவு எல்லாரும் படுத்த பிறகு குழாயடியை ஒட்டத் துடைத்து, தினசரியில் ஒரு தாளைக் கிழித்துக் குழாயைச் சுற்றிப் பரப்பிவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் எழுந்து பாருங்கள். தாள் நனைந்திருந்தால் குழாய் தானாகவே கசிகிறது. காய்ந்திருந்தால் குழாயைத் திறந்து ஒரு நிமிஷம் ஓட விட்டு, அதன் நீண்ட கழுத்தை இடமும் வலமுமாகத் திருப்புங்கள். கழுத்து சுழல்கிற இடத்தில் நீர் ஊறி இறங்கினால் உள்ளே இருக்கிற ஓ-ரிங் தேய்ந்துவிட்டது. கைப்பிடிக்கு அடியில் ஊறினால் ஸ்பிண்டில் அல்லது கார்ட்ரிட்ஜ். தண்ணீர் நேராக விழாமல் பக்கவாட்டில் பீச்சினால் குழாய் வாயில் இருக்கிற சல்லடையில் உப்பு அடைத்திருக்கிறது. இந்த மூன்றும் இல்லாமல் குழாயடி நனைகிறது என்றால் காரணம் குடும்பம்.

சோதனை சுலபம், நடத்தவிடமாட்டார்கள். பதினோரு மணிக்குப் பையன் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கழுவ வருவான். நாலரை மணிக்கே அத்தை எழுந்து டிகாக்‌ஷன் போட்டுவிடுவார். இரண்டையும் தப்பித்த தாளை, சுடோகு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று மாமா எடுத்துக்கொண்டு போயிருப்பார். அதனால் ஒரே இரவில் முடிவு தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கசிவுதான் என்று தெரிந்தால் அலட்சியம் கூடாது. வினாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர். நாள் ஒன்றுக்கு 86,400 வினாடி. நாலேகால் லிட்டருக்கு மேல் வருகிறது. இது நேராகக் குழாயடிக்கே போவதில்லை. குழாய் பொருத்திய ஓட்டை வழியாகக் கீழே இறங்கி, சிங்க்குக்கு அடியில் இருக்கிற அலமாரியின் பிளைவுட்டை ஊறவைத்து உப்பச் செய்யும். அந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்: கேரி பேக்குகள். பெரிய கேரி பேக் ஒன்றுக்குள் நூறு கேரி பேக்குகள். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருக்கிற வெங்காயம்தான் முளைவிடும்.

சல்லடை அடைப்புக்குக் குழாயின் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் 600 வரை போகலாம். அதையும் தாண்டுகிற போர்வெல்கள் உண்டு. சல்லடையைக் கையால் திருகிக் கழற்றி, ராத்திரி முழுக்க வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டு வைத்தால் வெள்ளை உப்பு கரைந்துவிடும். அவசரக்காரர்கள் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோமியப் பூச்சை உரித்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். கிரானைட் மேடையில் படிந்த வெள்ளை வளையத்துக்கும் சாறு பிழிந்த எலுமிச்சை மூடியே போதும். மேடை மார்பிள் என்றால் அந்த மூடியையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மார்பிளும் அந்த உப்பும் ஒரே கால்சியம் கார்பனேட்தான், அமிலத்துக்கு வித்தியாசம் தெரியாது.

இனி குடும்பம்.

குழாயடிக் குளத்தின் பெரும்பங்கு ஈரக் கையிலிருந்து வருகிறது. பாத்திரம் கழுவி முடித்ததும் கையை உதறாமல் அப்படியே நீட்டிக் குழாயை மூடுகிறோம். கையிலிருந்து கைப்பிடிக்கு, கைப்பிடியிலிருந்து குழாய் வழியே கீழே. ஒரு முறைக்கு ஏழெட்டுச் சொட்டு இருக்கும். ஒரு நாளில் அந்தக் குழாய் எத்தனை தடவை திறந்து மூடப்படுகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் வீட்டில் சமாதானம் இருக்காது.

அடுத்தது அரிசி களைந்த தண்ணீர். அரிசி விழுந்துவிடுமோ என்று பயந்து மெல்லச் சாய்ப்பார்கள். மெல்லச் சாய்த்தால் தண்ணீர் விளிம்பை விட்டுக் குதிக்காது. பாத்திரத்தின் வயிற்றைக் கட்டிக்கொண்டு வழிந்து, நீங்கள் நினைக்காத இடத்தில் விழும். தேநீர்க் கெண்டியில் நடக்கிற இதே சங்கதியைப் பற்றி மார்க்கஸ் ரைனர் என்கிற அறிஞர் 1956-ல் எழுதினார். சொட்டாத கெண்டி மூக்கை எப்படி வடிவமைப்பது என்று கணக்குப் போட்ட இரண்டு பேருக்கு 1999-ல் இக் நோபெல் என்கிற கிண்டல் பரிசு கிடைத்தது. ஆக, உங்கள் வீட்டில் நடப்பது உலகத்தரமான பிரச்சினை. தீர்வு: சட்டென்று சாயுங்கள். நாலு அரிசி போனால் போகிறது.

மூன்றாவது, கரண்டி. சிங்க்கில் குழி மேலே பார்க்கக் கிடக்கிற குழம்புக் கரண்டியின் மேல் சரியாகக் குழாய்த் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேடை, சுவர், உங்கள் சட்டை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. கரண்டியைக் கவிழ்த்துப் போடுங்கள் என்று சிங்க்குக்கு மேலே எழுதி ஒட்டலாம். எழுதியது நனைந்து அழிந்துவிடும்.

நாலாவது, ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீர்க் குழல். பென்சில் பருமனில் வெள்ளையாக, ரப்பர் பேண்டால் குழாயின் கழுத்தில் கட்டப்பட்டிருக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் இதன் வழியாக வெளியே போகிறது. ரப்பர் பேண்ட் என்றைக்கு அறுகிறதோ அன்றைக்கு வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள். மெஷின் போட வந்தவர் “தற்காலிகமாக் கட்டியிருக்கேன் மேடம், கிளிப் கொண்டு வரேன்” என்று சொல்லியிருப்பார். மெஷினின் வாரண்டி முடிந்த பிறகும் அந்தக் கிளிப் வழியில்தான் இருக்கிறது.

மண் வராமல் இருக்கக் குழாய் வாயில் வெள்ளைத் துணியை முடிச்சுப் போட்டுக் கட்டுகிறவர்களுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. அந்தத் துணியின் ஓரம் குழாயை மூடிய பிறகும் வெகுநேரம் சொட்டும். அதை அவிழ்க்கச் சொல்ல எனக்குத் துணிவு போதாது. கட்டியவர் பெரும்பாலும் வீட்டின் மூத்தவர்.

இத்தனை தண்ணீர் வந்தும் அது சிங்க்குக்குள் ஓடிவிட்டால் பிரச்சினை இல்லை. ஓடாது. கொத்தனார்தான் காரணம் என்று சொல்லலாம், ஆனால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மொட்டைமாடிக்கு வாட்டம் விடுகிறார். பாத்ரூமுக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் கேட்டு வாங்குகிறோம். சமையல் மேடைக்கு மட்டும் ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவில் நிற்கிற வரை தட்டித் தட்டிச் சமமாக்குகிறார். அடுப்பும் கிரைண்டரும் ஆடக்கூடாது என்று நாம்தானே சொன்னோம்? சமமான கல்லில் தண்ணீர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் திரண்டு, தன் பரப்பு இழுவிசையாலேயே நின்றுவிடும். இதற்கு மேல், ஸ்டீல் சிங்க்கை மேடையின் மேல் உட்காரவைத்திருந்தால் அதன் விளிம்பு மேடையைவிடச் சற்று உயர்ந்து வரப்பு கட்டிவிடுகிறது. கல்லுக்கு அடியில் பொருத்துகிற சிங்க்கில் இந்த வரப்பு கிடையாது. வீடு கட்டுகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்: சிங்க்கை அடியில் பொருத்தச் சொல்லுங்கள், குழாய் நிற்கிற அந்தப் பட்டைக் கல்லுக்கு மட்டும் சிங்க் பக்கம் சின்ன வாட்டம் கேளுங்கள். மேஸ்திரி உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.

கட்டி முடித்தவர்களுக்கு சிலிகான். குழாயின் அடித்தட்டைச் சுற்றியும் சுவர் ஓரத்திலும் பூசினால் தண்ணீர் ஓட்டைக்குள் இறங்காது. இதைப் பூசுவதற்கு முன் அந்த இடம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், பூசிய பின் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. சமையலறைக் குழாயை ஒரு நாள் தொடாமல் இருக்கிற நாள் ஒன்று வேண்டும் என்றால் குடும்பத்தோடு திருப்பதி போகிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் குழாயைச் சுற்றிப் போடுகிற சிலிகான் பாய் விற்கிறார்கள். வாங்கலாம். தண்ணீர் மேடைக்குப் பதில் பாயின் மேல் நிற்கும். ஒரு வாரம் கழித்துப் பாயைத் தூக்கிப் பார்க்காதீர்கள். குட்டி வைப்பர் ஒன்றும் உண்டு. அதை வாங்கிவந்த கணவர்மார்கள் முதல் நாள் ஆசையாக வழிப்பார்கள், தண்ணீரை அடுப்புப் பக்கமாக. மொத்தத்தில் இந்தச் சாதனங்களெல்லாம் தண்ணீரை ஒழிப்பதில்லை. இன்னொருவர் துடைக்க வேண்டிய இடத்துக்கு நகர்த்துகின்றன.

நிஜமாகவே வேலை செய்கிற ஒரு வழி இருக்கிறது, காசும் ஆகாது. கிழிந்த பருத்தி வேட்டியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடா கிழித்து நனைத்துப் பிழியுங்கள். ஒரு முனை குளத்தில் கிடக்கட்டும். மறு முனை சிங்க்கின் விளிம்பைத் தாண்டி உள்ளே, குளத்தின் மட்டத்தைவிட ஒரு சாண் கீழே தொங்கட்டும். நூலிழைகளின் இடுக்கில் தண்ணீர் ஏறி வரப்பைத் தாண்டி, மறுபக்கம் இறங்கிச் சொட்டத் தொடங்கும். இரண்டு விரல் துணியில் ஒரு மதகு. கீழ்முனை மேல்முனையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. விடிவதற்குள் குழாயடி வெறும் ஈரப்பசையோடு நின்றுவிடும். நாடாவைத் தினம் அலசிக் காயப்போடவும், இல்லாவிட்டால் வீச்சம் எடுக்கும்.

இதில் ஒரே சிக்கல், நாடாவைப் பார்க்கிற முதல் ஆள். “யாரு இந்த அழுக்குத் துணிய சிங்க்ல தொங்க விட்டது?” என்று கேட்டபடியே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்.

ஆக, கடைசியில் விஷயம் குடிமராமத்துக்குத்தான் வந்து நிற்கிறது. ஊர் ஏரியை ஊர்க்காரர்களே கூடித் தூர்வாரி, கரையைப் பலப்படுத்திய ஏற்பாடு அது. ஆள் வராமல் போகத் தொடங்கியதும் 1858-ல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புக்குச் சட்டமே போட்டார்கள். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் மறுபடி திட்டம் தொடங்கியது. சுமார் 39,000 ஏரி இருக்கிற மாநிலத்தில் யார் மண் வெட்டுவது என்பது எப்படிப் பழைய கேள்வியோ, குழாயடியை யார் துடைப்பது என்பதும் வீட்டில் அப்படித்தான். “கடைசியா யூஸ் பண்ணவங்க துடைக்கணும்” என்று சட்டம் போடலாம். அதன் பிறகு உங்கள் வீட்டில் யாரும் எதையும் கடைசியாக உபயோகித்திருக்க மாட்டார்கள். வேலைக்கு வருகிற அக்கா தலையில் கட்டலாம் என்று தோன்றும். அவர் காலையில் துடைத்துவிட்டுப் போவார், வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் யாராவது டம்ளரைக் கழுவப் போவார்கள். டெங்கு சோதனைக்கு வருகிற மாநகராட்சிப் பணியாளர்கள் பூந்தொட்டித் தட்டையும் ஃபிரிட்ஜின் பின்தட்டையும் பார்க்கிறார்களே, சிங்க்கையும் எட்டிப் பார்த்தால் பயத்திலாவது துடைப்போமா என்று யோசித்ததுண்டு. ஆனால் கொசு முட்டை வளர்ந்து பறக்க ஒரு வாரமாவது தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். நம் வீட்டில் அதற்குள் யாராவது கரண்டியைப் போட்டுவிடுகிறார்கள்.

பிளம்பர் வந்தே விட்டால் அவரை இப்படிக் கையாளவும். ஓ-ரிங்கை மாற்றச் சொல்லுங்கள். முழுக் குழாயையும் மாற்ற வேண்டும் என்பார். கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். “இந்த மாடல் இப்ப வர்றதில்ல” என்பார். கீழே இருக்கிற ஆங்கிள் காக்கை மூடிவிட்டீர்களா என்று ஒரு தரம் கேளுங்கள், விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு பாகத்தை எங்கிருந்தோ கொண்டுவந்துவிடுவார். பொருத்தி முடித்து, காய்ந்த துணியால் சுற்றிலும் துடைத்து, குழாயைத் திறந்து, கழுத்தை இரு பக்கமும் திருப்பிக் காட்டுவார். ஒரு சொட்டு இறங்காது. நீங்கள் பணம் எடுக்க உள்ளே போவீர்கள். திரும்பி வரும்போது அவர் அதே குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, ஈரக் கையால் குழாயை மூடி, இரண்டு கையையும் மேடைப் பக்கமாக உதறிக்கொண்டிருப்பார்.

“கை தொடைக்க ஒரு பழைய துணி இருந்தா குடுங்கம்மா” என்பார். கொடுங்கள். அதை அவர் குழாயின் கழுத்தில்தான் தொங்க விட்டுவிட்டுப் போவார்.