பழுப்பு நிலக்கரியும் பதினாறு வயதும்

நெய்வேலியில் பிள்ளை வளர்ப்பது சுலபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரம், வாசலில் மா, கொல்லையில் பலா, சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், விளையாட பாரதி ஸ்டேடியம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி. "உங்களுக்கு என்ன சார் கவலை?" என்பார்கள். அந்தக் கவலைக்குப் பதினாறு வயது ஆகிறது. மீசை அரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அது குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்.

நான் நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பந்தியில் யாராவது விசாரித்தால், "சுரங்கத்துல இருக்கேன்" என்று குரலைக் கொஞ்சம் கனமாக்கிச் சொல்வது வழக்கம். பக்கத்து இலைக்காரர் மரியாதையாக நகர்ந்து உட்காருவார். உண்மையில் நான் கணக்குப் பிரிவு. இந்தக் கைகள் அள்ளிய மண்ணெல்லாம் ரோஜாத் தொட்டிக்குப் போட்டதுதான். இருந்தாலும் ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் சுரங்கத்தைப் பற்றி நான் பேசுகிற பேச்சைக் கேட்டு, மொத்தக் குழியையும் நான்தான் வெட்டினேன் என்று நம்பிப் போனவர்கள் உண்டு.

என்ன பேசுவேன் என்றால், ஜெர்மன் தொழில்நுட்பத்தில் வந்த ராட்சதச் சக்கர இயந்திரத்தைப் பற்றிப் பேசுவேன். சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள். ராத்திரி பகல் பார்க்காமல் மண்ணை வழித்து கன்வேயர் பெல்ட்டில் கொட்டும். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். அடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும் ஊற்றுத் தண்ணீரை ஓயாமல் இறைக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு எடுத்த பிறகு பார்த்தால், அந்தப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம்.

என் மகனிடமிருந்து ஒரு தகவலை எடுப்பதும் இதே தொழில்தான்.

"ஸ்கூல் எப்படிடா போச்சு?"

"ம்."

"கணக்குப் பேப்பர் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"எவ்வளவு?"

"எல்லாருக்குமே கம்மிதான்."

கிடைத்தது இவ்வளவுதான். இதிலும் பாதி ஈரம்.

ஆனால் தகவலுக்கு நான் அவனையே நம்பியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஊரின் அமைப்பு அப்படி. எந்த வட்டத்துக்கு, அதாவது ப்ளாக்குக்கு, போனாலும் வீட்டுக்கு வீடு ஒரே நிறுவனத்துச் சம்பளம். ஒருவர் சுரங்கம், ஒருவர் அனல்மின் நிலையம், ஒருவர் ஆஸ்பத்திரி. இவன் இரண்டு கையையும் விட்டு சைக்கிள் ஓட்டினால், வீடு திரும்புவதற்குள் மூன்று ஷிப்ட்டுக்கும் தெரிந்துவிடும்.

ஒருநாள் டியூஷனில் இருக்க வேண்டிய நேரத்தில், மந்தாரக்குப்பத்து டீக்கடை ஒன்றில் இவன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்ததை என் ஆபீஸ் நண்பர் படம் எடுத்து, "நம்ம தம்பிதானே?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் விசாரணையைத் தொடங்கினேன். அவன் பதற்றப்படவில்லை. தன் போனை எடுத்து வேறொரு படத்தைக் காட்டினான். அதே கடை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற குடும்பத் தலைவர் ஒருவர் ஒரு கையில் ஜிலேபியும் மறு கையில் முழுச் சர்க்கரை போட்ட டீயுமாக, கண் செருகி நின்றுகொண்டிருந்தார்.

"என் ஃபிரெண்டு அனுப்புனான்ப்பா. அம்மாகிட்ட இன்னும் காட்டல."

விசாரணை தேதி குறிப்பிடப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது.

இவனுக்கு இந்த ஊரின் மேல் ஒரே புகார்தான். "இங்க ஒண்ணுமே இல்லப்பா. ஒரு மால் உண்டா?" இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். உடனே 1935-லிருந்து ஆரம்பிப்பேன். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அவர் அதோடு விடாமல் அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். பிற்பாடு நிலத்தையும் கொடுத்தார். 1956-ல் நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம். இந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, "சோவியத் யூனியன் உதவியோட கட்டுன முதல் அனல்மின் நிலையம்டா!" என்று முடிப்பேன்.

"சோவியத் யூனியன் இப்ப எங்க இருக்கு?"

"இப்ப... அது இல்ல."

"அந்த அனல்மின் நிலையம்?"

"அதை 2020-ல மூடிட்டாங்க."

"அதான்ப்பா நானும் சொல்றேன். ஒண்ணுமே இல்ல."

நெய்வேலியின் சரித்திரத்தில் அவன் ஒப்புக்கொள்ளும் ஒரே ஆண்டும் அதே 2020-தான். பிப்ரவரியில் 'மாஸ்டர்' படப்பிடிப்புக்காக விஜய் சுரங்கத்துக்கு வந்திருந்தார். கூடிய கூட்டத்தைப் பார்த்து, ஒரு வேன் மேலே ஏறி நின்று செல்ஃபி எடுத்தார். அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. அதில் ஒரு புள்ளியைப் பெரிதாக்கி, "இது நான்" என்று மகன் எல்லோருக்கும் காட்டுவான். பெரிதாக்கினால் அது கடுகு அளவிலிருந்து மிளகு அளவுக்கு வரும், முகம் வராது. பக்கத்து மிளகு நான். பிள்ளையைக் கூட்டத்தில் தனியாக விட முடியாதே என்றுதான் போனேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். "தளபதி!" என்று முதலில் கத்தியது எந்த மிளகு என்பது எங்கள் இருவருக்குள் இருக்கும் ரகசியம்.

குடும்பத்தோடு வெளியே போவது தனிக் கதை. மனைவிக்குக் கோயில் வேண்டும். மகனுக்குக் கடலூர் சில்வர் பீச் வேண்டும். எனக்கு வீட்டில் ஃபேனுக்குக் கீழே ஓர் இடம் வேண்டும். ஒருமுறை மூவருக்கும் பொதுவாக பிச்சாவரம் என்று முடிவாயிற்று. வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக சிதம்பரம், அங்கிருந்து பிச்சாவரம். பின்சீட்டில் மகன் காதில் ஹெட்போன், கையில் போன், கால் என் தலைக்குப் பின்னால்.

வடலூர் வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. வள்ளலார் 1867-ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, பசித்து வருகிற யாருக்கும் சோறு உண்டு என்றேன். அதுவரை எதற்கும் திரும்பாத பையன் ஹெட்போனைக் கழற்றினான். "அப்ப சாப்டுட்டே போலாம்ப்பா." வீட்டில் நான்கு தோசை உள்ளே போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வடலூர் அடுப்புக்கு அடுத்தபடியாக இந்த மாவட்டத்தில் அணையாமல் எரிவது எங்கள் வீட்டு கேஸ் அடுப்புதான்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு. ஏறினதும் பாடத்தைத் தொடங்கினேன். சுரபுன்னைக் காடு, சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற வேர்கள் மூச்சு விடுகிறவை, 2004 சுனாமியில் பின்னாலிருந்த கிராமங்களுக்கு இந்தக் காடுதான் அரண், 1975-ல் வந்த 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். படகில் வந்தது இந்தக் கால்வாயில்தான். எம்.ஜி.ஆர். எப்படி நின்றார் என்று காட்டுவதற்காக எழுந்தேன். படகு ஆடியது. அதன்பின் எனக்கு நினைவிருப்பது, இரண்டு கையாலும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டது மட்டுமே.

படகோட்டி துடுப்பைச் சேற்றில் ஊன்றிக் காட்டினார். "பயப்படாதீங்க சார். இறங்கி நின்னா இடுப்பளவுதான்."

கரைக்கு வருவதற்குள் அந்தக் காட்சி பின்னணி இசையோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனர், ஊர்ப் பஞ்சாயத்துக்குக்கூட வாயைத் திறக்காத மனிதர், "மாமா, செகண்ட் பார்ட் எப்போ?" என்று கேட்டிருந்தார்.

வீட்டில் இருந்தாலாவது மானம் மிஞ்சுமா என்றால், குவார்ட்டர்ஸ் கொல்லை அதற்கு விடாது. ஐப்பசி மழைக்கு ஒருநாள் சாயங்காலம் பலா மரத்தடியில் பாம்பு. அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் நல்ல பாம்பு என்றார். பக்கத்து வீட்டு அம்மா கண்ணாடி விரியன் என்றார். நிலைமையை நன்றாகக் கவனித்து உத்தரவு போட வேண்டும் என்பதற்காக நான் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டேன். மகன் வந்தான். ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை எடுத்தான். "சாரை. விஷம் கிடையாது. எலிக்கு வந்திருக்கு, கம்பால அடிக்காதீங்க" என்றான். தீயணைப்பு நிலையத்துக்குப் போனும் அவனே போட்டான். அவர்கள் வருவதற்குள், இத்தனை பேர் பேச்சைக் கேட்கச் சகிக்காமல் பாம்பு தானாகவே வேலி தாண்டிப் போய்விட்டது.

"தம்பிக்கு என்ன தைரியம்! அப்படியே அவங்க அம்மா" என்றார் எதிர்வீட்டுக்காரர். நாற்காலி மேலிருந்தபடியே ஆமோதித்தேன். தானே புயலின்போது, 2011 டிசம்பர் கடைசியில், ஊரில் மரங்கள் வேரோடு சாய்ந்துகொண்டிருந்த ராத்திரியில் இதே பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தவன் நான் என்று அங்கேயே சொல்ல நினைத்தேன். நாற்காலி மேல் நின்று சொல்கிற விஷயம் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

கடைசியில் மேல்முறையீடு செய்வதென்று முடிவு செய்தோம். எங்கள் ஊர் நடராஜர் கோயிலில் பத்தடி உயர ஐம்பொன் நடராஜர் ஆடுகிறார். அங்கே குறையை மனுவாக எழுதிப் பெட்டியில் போட்டு, ஆராய்ச்சி மணியை அடிக்கும் வழக்கம் உண்டு. மனைவி இரண்டு பக்கம் எழுதினாள். நான் ஒரு பக்கம். மகனும் ஒரு தாள் கேட்டு வாங்கி, கையால் மறைத்துக்கொண்டு என்னவோ எழுதினான். எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. ஆனால் என் மனு அவன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, சாமிக்கு எழுதுறப்பகூட 'பொருள்: மகன் தொடர்பாக'ன்னு போட்டு அடியில கோடு போடுவீங்களா?"

பழக்கதோஷம். 'பார்வை' என்று எழுதி முந்தின மனுவின் தேதியையும் குறித்திருந்ததை நல்லவேளை அவன் கவனிக்கவில்லை.

'இங்க ஒண்ணுமே இல்ல' என்கிற அவன் புகாரிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை அவனிடம் சொல்ல மாட்டேன், உங்களிடம் சொல்கிறேன். குவார்ட்டர்ஸ் நமக்குச் சொந்தமில்லை. ரிட்டயர் ஆனால் மாமரத்தையும் பலாவையும் அடுத்து வருகிறவருக்கு விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இவனும் படிப்பு, வேலை என்று சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவான். சொந்தமில்லாத ஊரைப் பற்றி அப்பன் இத்தனை பெருமை பேசினால் பிள்ளைக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் போனவர்கள் எல்லோரும் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பது "நீங்க எந்த ப்ளாக்?" என்றுதான். மால் பற்றி ஒருவரும் விசாரித்ததில்லை. இவனும் ஒருநாள் கேட்பான். அப்போது ஜம்புலிங்க முதலியாரைத் தன் பிள்ளைக்குச் சொல்வான். அந்தப் பிள்ளை ஹெட்போன் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

இப்போதைக்கு, அவன் எங்களோடு முகம் சுளிக்காமல் வருகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு: 1998-லிருந்து ஜூலை மாதம் லிக்னைட் ஹாலில் நடக்கிற புத்தகக் கண்காட்சி. நான் தலையணை கனத்துக்கு நாவல்கள் வாங்குவேன். அவை அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன, பக்கம்கூட மடங்கவில்லை. அவன் மெலிதாக இரண்டு புத்தகம் வாங்கி ராத்திரியே படித்து முடித்துவிடுவான். டெல்லி அப்பளத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. ஆனால் நண்பர்கள் கண்ணில் படாமல் இருக்க, என்னிடமிருந்து பத்தடி தள்ளியேதான் நடப்பான்.

ஆகவே கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கை நிறையப் புத்தகமும் வாய் நிறைய அப்பளமுமாக ஒருவர் போவதையும், பத்தடி பின்னால் ஒரு பையன் அவரை யாரென்றே தெரியாதது போல வருவதையும் பார்த்தால், தயவுசெய்து "உங்க பையனா சார்?" என்று கேட்காதீர்கள். நான் ஆமாம் என்பேன். அவன் இல்லை என்பான்.